ஏரல் அத்தைக்கு முந்திரிக்கொத்து

ஏப்ரல் 4, வெள்ளி

மோட்டார் மறுபடியும் மக்கர். கீழ்வீட்டில் இருக்கும் என் அக்கா திலகாவிடம் இரண்டு வாளித் தண்ணீர் வாங்கிக் குளித்துவிட்டு, தலை காயாமல் வங்கிக்கு ஓடினேன். மேலாளர் என் தலையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், தன் அறைக்குப் போய்விட்டார். அவர் எங்கள் பாட்காஸ்டின் ரசிகர். அதில் இப்படி ஒரு வசதி இருக்கிறது.

'மொட்டைமாடி'யின் இந்த வாரப் பகுதி காலையிலேயே ஏறிவிட்டது. பேசுவது நான். வெட்டி ஒட்டி ஏற்றுவது என் வீட்டுக்காரர். ஏறிய கையோடு திலகா அக்கா வழக்கம்போல எல்லாக் குழுவிலும் போட்டுவிட்டாள்: "என் தங்கச்சி மங்கை பேசுதா. எல்லாரும் கேளுங்க." சொந்தக்காரர் குழு, காம்பவுண்டுக் குழு, கூடப் படித்தவர்கள் குழு, ஒன்று பாக்கியில்லை.

அவள் மட்டும் கேட்டதில்லை. அக்காவுக்குக் காது கேட்காது. கல்யாணமாகி மூன்றாம் வருஷம் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது காதையும் கொண்டுபோய்விட்டது. மெஷின் வைத்தால் வெறும் இரைச்சல் என்கிறாள். நாம் பேசும்போது உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள்.

சாயங்காலம் வாளியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அக்கா யாரோ ஒரு டாக்டரம்மாவின் பாட்காஸ்டை போனில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேச்சு முழுவதும் கீழே எழுத்தாக இருந்தது. "இதப் பாத்தியா மங்கை, அந்தம்மா பேசுதது பூரா எழுதியிருக்கு. ஒரு வரி விடாம படிச்சிட்டேன். உன்னோடதுக்கும் இப்படிப் போட்டா நானும் படிப்பேம்லா," என்றாள்.

பார்க்கலாம் என்றேன். அது பெரிய வேலை என்றும் சொன்னேன். பொய்யில்லை, பெரிய வேலைதான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மொட்டைமாடியில் கூழ்வத்தல் போட்டோம். அக்காதான் மாவு கிண்டினாள். பிழிவதற்கு மூன்றாம் வீட்டுச் செண்பகமும் காம்பவுண்டுப் பெண்கள் சிலரும் வந்திருந்தார்கள். செண்பகத்துக்கு வாய் சும்மா இருக்காது. அக்கா குனிந்து துணியை விரித்துக்கொண்டிருந்தபோது என்னைப் பார்த்துக் கண்ணடித்து, "மெதுவாத்தான் சொல்லுதேன்," என்றாள், அடித்தொண்டையில். இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

அக்கா நிமிர்ந்தாள். எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து அவளும் சிரித்தபடி, என்னட்டி சொல்லுதா என்று என்னைக் கேட்டாள். ஒண்ணுமில்லக்கா என்றேன்.

வத்தல் நன்றாகக் காய்ந்திருக்கிறது. வெயில் அப்படி.

ஏப்ரல் 9, புதன்

அக்கா சொந்தக்காரர் குழுவில் அறிவித்துவிட்டாள்: "இனிமே மங்கை பேசுறது எழுத்துலயும் வரும். காது கேக்காதவங்களும் படிக்கலாம்." கீழே வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள். இனி நான் எங்கே தப்பிப்பது.

சிக்கல் என்னவென்று எழுதிவிடுகிறேன். எங்கள் நிகழ்ச்சியில் 'பெரியக்கா' என்று ஒருத்தி வருவாள். நான்தான் குரல் மாற்றிப் பேசுவேன். பெரியக்காவுக்குக் காது கேட்காது. தன் குரல் எவ்வளவு பெரிது என்று அவளுக்குத் தெரியாது. வள்ளியூரில் ஒரு கல்யாணத்தில், தாலி கட்டி முடித்துக் கெட்டிமேளம் நின்ற அந்த விநாடியில், தங்கையின் காதில் ரகசியம் சொல்வதாக நினைத்து, "மாப்பிள்ளைக்கு ஒட்டு முடிட்டி," என்று சொன்னாள். மண்டபமே திரும்பியது. மாப்பிள்ளையின் கை தலைக்குப் போனது. தங்கை வாயைப் பொத்தப் போக, பெரியக்கா இன்னும் சத்தமாக, "மெதுவாத்தான் சொல்லுதேன்," என்றாள்.

முதல் தடவை அதைச் சொன்னபோது பிய்த்துக்கொண்டு போயிற்று. அதன்பிறகு பெரியக்கா இல்லாத வாரம் கேட்பவர் எண்ணிக்கை இறங்கும். நான் என்ன செய்ய. 'மெதுவாத்தான் சொல்லுதேன்' என்பதைப் பலர் போனில் அழைப்பொலியாகவே வைத்திருக்கிறார்கள்.

எல்லாம் பாசத்தில் சொல்வதுதான். எந்தக் குடும்பத்தில் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்வதில்லை. பேர்கூட நான் சொன்னதில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை விசு. அக்கா வீட்டில் கனி பார்த்தோம். மதியம் தேங்காய்ப்பால் சொதி. அத்தான் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தார், லாரி ஷெட் வேலையாக அவர் வாரத்தில் பாதி அங்கேதான். அக்கா எனக்கு இரண்டாவது தடவை அப்பளம் வைத்துக்கொண்டே, எழுத்து எப்போது வரும் என்று கேட்டாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

சரி, பெரியக்கா வராத பகுதிகளை மட்டும் எழுத்தாக்கிப் போடுவது என்று முடிவு செய்தேன். தேடிப் பார்த்தால் அப்படி இருப்பவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டன. இத்தனை வாரமும் அவளை வைத்துத்தான் பிழைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

முதலில் சொதி பற்றிய பகுதி. பேச்சைத் தானாக எழுத்தாக்கும் செயலியில் போட்டோம். நம்மூர்ப் பேச்சு அதன் வாயில் படாதபாடு பட்டது. கடைசியில் நானே உட்கார்ந்து, ஒரு வாக்கியம் கேட்டு நிறுத்தி, தட்டச்சு செய்து, மறுபடி கேட்டு, இப்படியே பொழுது சாய்ந்துவிட்டது. என் குரலை இத்தனை நேரம் நானே கேட்டதில்லை. ஒரே விஷயத்தை மூன்று தடவை சொல்கிறேன். பேசிக்கொண்டிருந்தபோது தெரியவில்லை, எழுதும்போது விரல் வலிக்கிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

நான்கு பகுதிகளுக்கு எழுத்து வடிவம் போட்டாயிற்று. நான் அக்காவின் நச்சரிப்பை நிறுத்தத்தான் செய்தேன். யாருக்கெல்லாமோ அது தேவைப்பட்டிருக்கிறது. மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் ஒரு பெண், வேலைக்குப் போகும் பஸ்ஸில் படித்துக்கொண்டு போவதாக எழுதியிருக்கிறாள். மலேசியாவிலிருந்து ஒருவர், நீங்கள் பேசும் வேகத்துக்கு என் காது ஓடாது, படிக்கும்போதுதான் புரிகிறது என்கிறார். தென்காசிக்காரர் ஒருவர், நாற்பது நிமிஷம் பேசினீர்கள், எனக்குத் தேவை சொதிக்குத் தேங்காய்ப்பால் எப்போது ஊற்றுவது என்ற ஒரு வரி, தேடி எடுத்துக்கொண்டேன், நன்றி என்று எழுதியிருக்கிறார். இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். இவர் சிரித்தார்.

அக்கா நான்கையும் ஒரே மூச்சில் படித்திருக்கிறாள். மத்தியானம் நான் படி ஏறும்போது கூப்பிட்டு உட்கார வைத்தாள். "ஏட்டி, நீ இவ்வளவு பேசுவியா?" என்றாள். எனக்குப் புரியவில்லை. "எங்கிட்ட நீ பேசுதது, சாப்ட்டியா, வாரியா, மாவு இருக்கா, அம்புட்டுத்தான. உம் பேச்ச நான் கேட்டு இருவத்தஞ்சு வருசம் ஆச்சு. நீ இப்படிச் சிரிக்கச் சிரிக்கப் பேசுவேன்னு இப்பதான் தெரியுது."

உண்மைதான். உதட்டைப் பார்க்கிறவளுக்குச் சிரமம் வேண்டாம் என்று நாங்கள் எல்லாரும் அவளிடம் பேச்சைச் சுருக்கிக்கொண்டோம். யாருக்குச் சிரமம் என்று இப்போது யோசித்தால் பதில் வேறு மாதிரி வருகிறது.

மீதியையும் சீக்கிரம் போடச் சொல்லியிருக்கிறாள்.

மே 1, வியாழன்

விடுமுறை. வள்ளியூர்ப் பகுதியைத் தட்டச்சு செய்தேன், உள்ளதை உள்ளபடி.

"மங்கை (பெரியக்கா குரலில்): மெதுவாத்தான் சொல்லுதேன். (சிரிப்பு)"

'சிரிப்பு' என்று அடைப்புக்குறிக்குள் போடவேண்டும் என்பது இவருடைய யோசனை. சிரிக்கிறது யார் என்று பதிவை மறுபடி ஓடவிட்டுக் கேட்டேன். நான்தான். பெரியக்கா வாயைத் திறக்கும் முன்பே நான் சிரிக்க ஆரம்பித்துவிடுகிறேன். அடுத்து குக்கர் கதை. விசில் கேட்காததால் பெரியக்கா அடுப்புக்கு முன்னால் முக்காலி போட்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி குக்கரையே பார்த்துக்கொண்டிருப்பாள் என்று சொல்லி, அவள் கண்ணை உருட்டுவதை நான் வாயாலேயே செய்துகாட்டுகிறேன். சிரிப்பு. சிரிப்பு. சிரிப்பு.

குரலை எடுத்துவிட்டால் தாளில் மிஞ்சுவது, காது கேட்காத ஒருத்தி தன் வீட்டில் சமைக்கிறாள் என்பதும் அவளுடைய தங்கை சிரிக்கிறாள் என்பதும்தான்.

இவர் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வருஷமாக இதை வெட்டி ஒட்டியவர்தானே, அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சண்டை போட்டேன். அவர் மேல் கோபம் இல்லை.

மே 4, ஞாயிறு

வழி கண்டுபிடித்துவிட்டேன். எழுத்து வடிவத்தில் மட்டும் பெரியக்காவை எடுத்துவிட்டு 'ஏரல் அத்தை' என்று ஒருத்தியை வைத்துவிட்டேன். இவருக்குத் தூரத்துச் சொந்தம், ஏரலில் இருக்கிறாள், காது கேட்காது. வள்ளியூர்க் கல்யாணத்தைக் காதுகுத்து வீடாக மாற்றினேன். தாய்மாமன் கொண்டுவந்த கம்மலைப் பார்த்து ஏரல் அத்தை, "இது கவரிங்," என்று சபையறியச் சொல்லிவிடுகிறாள். உண்மையில் நடந்ததைவிட நன்றாக வந்திருக்கிறது. குக்கரையும் முக்காலியையும் அப்படியே அத்தைக்குக் கொடுத்துவிட்டேன். அக்காவுக்குத் துளி சந்தேகம் வராது.

கேட்கிறவர்களுக்குப் பெரியக்கா, படிக்கிறவர்களுக்கு ஏரல் அத்தை. கேட்கிறவர்கள் யாரும் படித்துப் பார்த்து ஒப்பிடப்போவதில்லை. யாருக்கும் நஷ்டமில்லை.

மே 11, ஞாயிறு

அக்கா படித்துவிட்டாள்.

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். காலையில் வந்து கதவைத் தட்டியபோது அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் அவள் உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது, அந்த ஏரல் அத்தைக்கு என்ன வயசு இருக்கும் என்று. ஐம்பது இருக்கும் என்றேன். தன் வயதுதான் என்றாள். எப்போதிருந்து கேட்காது, பிறவியிலேயேவா என்று கேட்டாள். நடுவில் வந்தது என்றேன். தன்னை மாதிரியே என்றாள்.

"நானும் குக்கர் முன்னால முக்காலி போட்டுத்தான் இருப்பேன். நான் ஒருத்திதான் இப்படின்னு நெனச்சேன். கவரிங் கம்மல்னு சொல்லிட்டு நின்னாளே, அந்த நேரம் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்னு எனக்குத் தெரியும். சொன்னதுக்குப் பொறவு எல்லாரும் திரும்புவாவ பாரு, அப்பதான் நமக்கே தெரியும், சத்தமாச் சொல்லிட்டம்னு. வள்ளியூர்ல எனக்கு ஆச்சுலா. அன்னைக்கு நீதான் என் கையப் புடிச்சு வெளிய கூட்டிட்டுப் போன."

ஆமாம், நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வெளியே கொண்டுபோய் நிறுத்திவிட்டு அவளைத் திட்டினேன். அது அவளுக்கு ஞாபகமில்லை போலிருக்கிறது. இல்லை, திட்டியபோது நான் வேறு பக்கம் திரும்பியிருந்தேனோ என்னவோ.

ஏரல் அத்தையை ஒருநாள் அழைத்து வா என்றாள். சரி என்றேன்.

மே 18, ஞாயிறு

அக்கா முந்திரிக்கொத்து செய்தாள், ஏரல் அத்தைக்கென்று. பயறு வறுத்து, திரித்து, பாகு காய்ச்சி, காலையிலிருந்து அடுப்படியில் நின்று செய்தாள். தூக்குச்சட்டி நிறையப் போட்டு, மூடியைத் துணியால் கட்டி என்னிடம் கொடுத்தாள். அடுத்த வாரம் நாங்கள் ஏரல் பக்கம் போவதாக நான்தான் உளறியிருந்தேன்.

தூக்குச்சட்டி எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இருக்கிறது. இவர் தொடமாட்டேன் என்றுவிட்டார். நான் இரண்டு தின்றேன். வீணாக்கவா முடியும்.

மே 25, ஞாயிறு

சட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். அத்தைக்கு ரொம்பப் பிடித்ததாம், பாகுப் பதம் நன்றாக இருந்ததாம் என்று சொன்னேன். பதம் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. வெறும் சட்டியாகவா கொடுத்தாள் என்று அக்கா கேட்கவில்லை. கேட்பாளோ என்று பயந்து ஏரல் வாழைப்பழம் என்று சந்தையில் ஒரு சீப்பு வாங்கிப் போட்டுக் கொடுத்திருந்தேன். அக்கா அதில் ஒரு பழத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள்.

பிறகு நிறையப் பேசினாள். என்னிடம் இல்லை, ஏரல் அத்தையிடம். இதைச் சொல்லு, அதைச் சொல்லு என்று என் மூலமாக. காலிங்பெல்லோடு சேர்ந்து எரிகிற மாதிரி ஒரு பல்பு உண்டு, அதைப் போடச் சொல்லு. மெஷின்காரன் புதுசு வாங்கச் சொன்னால் நம்பவேண்டாம் என்று சொல்லு. இருட்டில் யாரோடும் பேச்சுக் கொடுக்கவேண்டாம் என்று சொல்லு. கூடப் பிறந்த என்னிடம் இருபத்தைந்து வருஷத்தில் இதில் ஒன்றையும் அவள் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை.

"இன்னொண்ணும் சொல்லு. நாலு பேரு சிரிக்கும்போது என்னன்னு கேக்காண்டாம்னு சொல்லு. நாமளும் லேசாச் சிரிச்சு வச்சிரணும். கேட்டா, ஒண்ணுமில்லம்பாவ. உதட்டப் பாத்து எனக்கு ரொம்ப நல்லாத் தெரியுத வார்த்தை அதுதான், 'ஒண்ணுமில்ல'. யாரு சொன்னாலும், எந்த இருட்டுல சொன்னாலும் தெரிஞ்சிரும்."

சொல்கிறேன் என்றேன். மாடிக்கு வந்து முகம் கழுவிக்கொண்டேன். கொடியில் துணி அப்படியே கிடந்து, மழையில் நனைந்து போயிருக்கிறது.

மே 30, வெள்ளி

இந்த வாரம் பேசவில்லை. தொண்டை கட்டிக்கொண்டது என்று அறிவிப்பு போட்டோம். பெரியக்கா எங்கே, பெரியக்கா எங்கே என்று கேட்டு வந்த செய்திகளைப் படிக்காமல் அழித்தேன். எனக்குத் தொண்டையில் ஒன்றுமில்லை. வெட்கமாக இருக்கிறது, அவ்வளவுதான். இந்த வயதில், இப்படி ஒரு வேலை.

அக்கா மிளகு ரசம் வைத்து மேலே கொண்டுவந்து கொடுத்தாள், தொண்டைக்கு.

ஜூன் 8, ஞாயிறு

அடுத்த மாதம் எங்கள் ஊர் ஆனித் தேர்த் திருவிழா. ஏரல் அத்தை வந்து இரண்டு நாள் தன் வீட்டில் தங்கிப் போகட்டும் என்கிறாள் அக்கா. தேர்க் கூட்டத்தில் அத்தனை சத்தத்துக்கு நடுவில் கேட்காத இரண்டு பேர் சேர்ந்து நின்றால் எப்படி இருக்கும் என்று சொல்லிச் சிரித்தாள். எல்லாரும் காதைப் பொத்துவார்கள், நாங்கள் இரண்டு பேரும் எங்கள் பாட்டுக்கு நிற்போம் என்றாள். அவள் இப்படி ஒரு கேலி பேசி நான் பார்த்ததில்லை. என்னைவிட நன்றாகப் பேசுகிறாள்.

போனில் எழுதிக் கூப்பிட்டால் மரியாதையில்லை, நேரில் போய் அழைக்கிறேன், வருகிற சனிக்கிழமை என்கிறாள்.

ஜூன் 12, வியாழன்

ஏரல் அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னேன். அப்படியென்றால் கட்டாயம் பார்க்கப் போகவேண்டும் என்கிறாள். ஆஸ்பத்திரியில் யாரையும் விடுவதில்லை என்றேன். எந்த ஆஸ்பத்திரி என்றாள். காது கேட்காதவளுக்கு டாக்டர் சொல்வது எப்படிப் புரியும், முகத்தில் வேறு துணி கட்டியிருப்பார்கள், உதடு தெரியாது, கூட ஆள் வேண்டாமா, நான் போய் இருக்கிறேன் என்கிறாள்.

சொல்லிவிடு என்றார் இவர். நீங்கள் சொல்லுங்களேன் என்றேன். சொன்னது நான் இல்லை என்றார். அதுவும் நியாயம்தான்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று சொல்லிவிடுவது என்று இறங்கினேன். அக்கா சமையலறையில் இருந்தாள். குக்கருக்கு முன்னால், முக்காலியில், கையில் கீரையோடு. என்னைப் பார்த்ததும், ஆவி வருவதைக் கவனித்துக்கொண்டே, "ஏரல்காரிக்கு இப்ப தேவலையா?" என்றாள். கொஞ்சம் தேவலை என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

ஏரல் அத்தை இன்று மதியம் இறந்துபோனாள்.

ஜூன் 20, வெள்ளி

கையெழுத்து கோணலாகத்தான் வரும், வரட்டும்.

நேற்று வங்கியிலிருந்து வந்ததும் அக்காவிடம் போய்ச் சொன்னேன். இனி அழைக்கவும் வேண்டாம், பார்க்கவும் வேண்டாம், ஒரேயடியாக முடிந்தது என்று கணக்குப் போட்டிருந்தேன். அக்கா சத்தம் போடாமல் அழுதாள். அழும்போது மட்டும் அவளுக்குச் சத்தமே வராது. நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினேன். அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை இப்போது.

உயிரோடு இருப்பவர்களைப் போய்ப் பார்க்காமல் காலத்தை ஓட்டிவிடலாம். நம் ஊரில் செத்தவர்களைப் பார்க்காமல் இருக்க முடியாது. என் புத்திக்கு அது எட்டவில்லை.

விடிந்தும் விடியாமல் கதவு தட்டப்பட்டது. அக்கா நின்றாள். சாயம்போன சேலை, தலையில் பூ இல்லை, கையில் இலையில் சுற்றிய ரோஜா மாலை. துட்டி வீட்டுக்குப் போகிற கோலம். எடுப்பதற்கு முன்னால் போய்விட வேண்டும், கிளம்பு, ஏரலுக்கு முதல் பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்றாள். இவர் எனக்குப் பின்னால் வந்து நின்றார். பிறகு உள்ளே போய்விட்டார்.

"அவ சாகலக்கா," என்றேன்.

அக்கா என் வாயையே பார்த்தாள். "சாகலையா?" என்றாள். அவள் முகம் மலர்ந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "யாரு தப்பாச் சொன்னது? நேத்து பூரா அவளுக்காக அழுதேம்ட்டி. பிழைச்சுக் கிடக்காளா?"

போனை எடுத்து, மே மாதம் நான் உள்ளபடி தட்டச்சு செய்து வைத்திருந்த வள்ளியூர்ப் பகுதியைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன். அக்கா மாலையைப் படியில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். விரலால் தள்ளித் தள்ளிப் படித்தாள். ஒரு வரியும் விடவில்லை. குக்கர் வந்த இடத்தில் விரல் நின்றது, பிறகு போனது. 'மெதுவாத்தான் சொல்லுதேன்' என்ற வரியை அவள் உதடு தானாகச் சொல்லிப் பார்த்தது. அது இரண்டு வருஷமாக எந்தக் குரலில் ஊர் முழுக்கச் சுற்றுகிறது என்று அவளுக்கு எழுத்தில் தெரியாது. அந்த மட்டும் நல்லது என்று அப்போதும் என் மனசு நினைத்தது. நான் அப்படிப்பட்டவள்.

"செண்பகம் சிரிப்பாளே, இதுக்குத்தானா?" என்றாள்.

தலையை ஆட்டினேன்.

"காம்பவுண்டுல எல்லாரும் கேட்டிருக்காவளா?"

அதற்கும் ஆட்டினேன்.

"நாந்தான எல்லாருக்கும் அனுப்பிவச்சேன்," என்றாள். என்னைக் கேட்கவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அவளுக்குத் தன் குரலின் அளவு தெரியாது இல்லையா, படிக்கட்டு முழுக்கக் கேட்டது. மூன்றாம் வீட்டில் விளக்கு எரிந்தது.

திட்டுவாள், போனை எறிவாள் என்று நின்றுகொண்டிருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவள் போனை அணைத்து, திரையைச் சேலையில் துடைத்து என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். எழுந்திருப்பாள் என்று பார்த்தேன், எழவில்லை. மாலையைச் சுற்றியிருந்த இலையைச் சரிசெய்தாள்.

"அப்போ ஏரல்காரி?" என்றாள்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னேன். சொல்லிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அக்கா கையை நீட்டி என் மோவாயைத் தொட்டு உயர்த்தினாள். "குனிஞ்சுக்கிட்டு சொன்னா எனக்கு எப்படிட்டி தெரியும். நிமுந்து சொல்லு."

நிமிர்ந்தேன். வெளிச்சம் என் வாயில் விழும்படி படியில் ஒரு பக்கமாகத் திரும்பி நின்றேன். "அப்படி ஒருத்தி இல்லக்கா," என்றேன். அவள் என் உதட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. புரியவில்லையோ என்று, இன்னொரு தடவையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.